முதுகைப் பார்த்து எடுத்த படம்

(கொட்டகலையில் கறுப்பு வெள்ளைப் படக் காட்சியொன்றை ஒட்டி ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச வந்திருப்பது பின்னால் நின்று எடுத்த படங்களைப் பற்றி. கறுப்பு வெள்ளைப் படங்கள். முகமே தெரியாத படங்கள். “படம் என்றால் முகம்தானே? முகத்தை விட்டுவிட்டு முதுகை எடுப்பானேன்?” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். கல்யாண வீட்டில் யாராவது நம்மைப் பின்னால் நின்று படமெடுத்தால் நமக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்கிறேன்: இந்த மலைகளின் கதையை முகத்தைவிட முதுகு உண்மையாகச் சொல்லும். எடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சரியாகத் தெரிந்து நின்றால் சொல்லும். அதை உங்கள் முன் வைக்கத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் முகத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் நம்முடைய முகத்தை இதுவரை யார் யார் கேட்டார்கள்?

வியாபாரம் கேட்டது. கொழும்பில் ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே என்று பெரிய பெரிய ஸ்டுடியோக்கள் இருந்தன. தோட்டத்துப் பெண்களைக் கூடையோடு நிறுத்தி எடுத்த படங்கள் கப்பலில் வந்தவர்களுக்கு விற்கப்பட்டன. தபாலட்டையாகக் கடல் கடந்தன. பிறகு தேயிலைப் பெட்டியில் அந்த முகம் வந்தது. உல்லாசப் பயண விளம்பரத்தில் வந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கையில், ஒரு சிரிப்பு முகத்தில். அந்தச் சிரிப்பை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! சிரித்தவரின் பெயரை ஒரு தடவையாவது பார்த்திருக்கிறோமா?

அடுத்து அரசாங்கம் கேட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசாங்கங்களும் கணக்கை முடித்தன. கணக்கு முடிந்த பிறகு கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். லயத்தை விட்டு டவுனுக்கு வந்து, ஸ்டுடியோவில் பலகைக் கதிரையில் உட்கார்ந்து, நேரே பார்த்து, மூச்சைப் பிடித்து எடுத்த அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் பல வீடுகளின் தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. இரண்டு காதும் தெரிய, நெற்றி தெரிய, முழு முகமும் தெரிய எடுத்த படங்கள். அத்தனை முகமும் காட்டினார்களே, அவர்கள் யார் என்று அந்தப் படம் சொல்கிறதா? எந்த மலையில் கொழுந்தெடுத்தார்கள், எத்தனை வருஷம் கூடை சுமந்தார்கள் என்று சொல்கிறதா?

முகத்தை எடுப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. முகத்தைப் படமெடுக்க உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்தில்தான் துயில்கிறார். ஜூலியா மார்கரெட் கமரன். முகத்தருகே போய், மூச்சுப்படும் தூரத்தில் நின்று படமெடுத்த அம்மையார். 1875இல் இலங்கைக்கு வந்தார். குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டம் இருந்தது. களுத்துறையில் உழைப்பாளிகளையும் கிராமத்து மக்களையும் படமெடுத்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் உயிர் நீத்தார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. இங்கிருந்து போய்ப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்வரிசையில் நிற்கும் தம்பிகளே, போய்ப் பாருங்கள். அவருடைய இங்கிலாந்துப் படங்களில் இருந்தவர்கள் கவிஞர் டெனிசன், விஞ்ஞானி டார்வின் போன்றவர்கள். அவர்கள் பெயரோடு நிற்கிறார்கள். இலங்கைப் படங்களில் இருந்தவர்களோ பெரும்பாலும் பெயரில்லாமல் நிற்கிறார்கள். முகம் இருக்கிறது, பெயர் இல்லை. இந்த விஷயத்துக்குத் திரும்பவும் வருவேன்.

இப்போது முதுகுக்கு வருவோம்.

தமிழர்களாகிய நமக்கு முதுகு என்றால் ஒரு கூச்சம் உண்டு. சங்க காலத்திலிருந்து வருகிற கூச்சம். மார்பிலே புண்பட்டால் வீரம், முதுகிலே புண்பட்டால் இழிவு. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் என்ன செய்தான்? மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் துளைத்துவிட்டது என்பதற்காக நாணி, வடக்கிருந்து உயிர்விட்டான். தன் மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்டுக் களத்துக்கே வாளோடு போன தாயைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. அப்படிப்பட்ட மொழியில் பிறந்தவர்கள் நாம். முதுகைக் காட்டுவது தோல்வி என்று பாட்டுக் கட்டியவர்கள் நாம்.

அந்த மக்களின் பிள்ளைகள்தான் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து, இந்த மலைகளுக்கு வந்தார்கள். வந்து எதைக் கொண்டு உழைத்தார்கள்? முதுகைக் கொண்டு. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டாரே, அதற்குப் பிறகு தேயிலையால் இந்த நாட்டுக்கு வந்த அந்நியச் செலாவணியெல்லாம் எதன் மேல் ஏறி வந்தது? நம் தாய்மாரின் முதுகின் மேல் ஏறி வந்தது. இந்த முதுகைக் கண்டு வெட்கப்பட என்ன இருக்கிறது? சேரமானுக்கு முதுகுப்புண் இழிவாக இருந்திருக்கலாம். தலைக்கயிறும் கூடையும் பதிந்த தழும்பு இழிவாகுமா? ஆகாது என்று இந்த மேடையில் நின்று உரக்கச் சொல்கிறேன்.

உலகத்தில் முதுகைப் பார்த்து எடுத்த படங்கள் எத்தனையோ உண்டு. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

1961 பெப்ரவரி 10. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் அலுவலகம். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜோர்ஜ் டேம்ஸ் என்ற படப்பிடிப்பாளர் உள்ளே எட்டிப் பார்க்கிறார். கென்னடி யன்னலோரம் நிற்கிறார். முதுகு இந்தப் பக்கம். இரண்டு கையையும் மேசையில் ஊன்றித் தலையைக் குனிந்திருக்கிறார். வெளிச்சம் முழுவதும் யன்னலுக்கு வெளியே. மனிதர் வெறும் கரிய உருவம். டேம்ஸ் எடுத்துவிட்டார். உலகத்திலேயே மிகத் தனிமையான உத்தியோகம் என்று அந்தப் படத்துக்குப் பெயர் வந்துவிட்டது. உலகத்தின் பாரமெல்லாம் அந்தத் தோளில் இருக்கிறது என்று எழுதினார்கள், பேசினார்கள்.

உண்மையில் அங்கே நடந்தது என்ன? அவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தீராத முதுகுவலி. 1954இல் முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சையே செய்தார்கள். அதிக நேரம் உட்கார முடியாது. அதனால் மேசையில் கையூன்றிப் பாரத்தைக் கைக்கு மாற்றி நின்றபடி வாசிப்பது அவருடைய வழக்கம். அவ்வளவுதான். ஆனால் எனக்கு இந்த உண்மை அந்தப் பெரிய பெயரைவிட மேலாகத் தெரிகிறது. வலிக்கிற முதுகு எப்படி நிற்கும் என்பதை அந்தப் படம் அச்சொட்டாகக் காட்டுகிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மாரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். அவர் யார் என்று தெரியாவிட்டாலும், “இந்த ஆளுக்கு இடுப்பு புடிச்சிருக்கு” என்று உடனே சொல்லிவிடுவார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கக் காத்து நிற்கும்போது, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு அவர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள். வெள்ளை மாளிகையில் நின்றாலும் ஒன்றுதான், மடுவத்தில் நின்றாலும் ஒன்றுதான். முகம் வலியை மறைத்துவிடும். முதுகுக்கு மறைக்கத் தெரியாது!

இன்னொரு படம். 1946. யூஜின் ஸ்மித் எடுத்தது. ஒகினாவா போரில் குண்டுபட்டுப் பல மாதங்கள் கமராவைத் தொடாமல் கிடந்தவர். திரும்ப எடுத்தபோது, இருட்டான மரக்கூட்டத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கி நடந்துபோகும் தன் இரண்டு குழந்தைகளைப் பின்னால் நின்று எடுத்தார். 1955இல் நியூயோர்க்கில் நடந்த ‘மனிதக் குடும்பம்’ என்ற பெரிய கண்காட்சியின் கடைசிப் படமாக அதை வைத்தார்கள்.

ஆனால் நமக்கு இவற்றையெல்லாம்விட நெருக்கமானவர் பிரேசிலின் செபஸ்தியாவோ சல்காடோ. அவர் பொருளியல் படித்தவர். லண்டனில் சர்வதேசக் கோப்பி அமைப்பில் உத்தியோகம் பார்த்தவர். கவனியுங்கள், கோப்பி! நம் முன்னோரை இந்த மலைக்கு இழுத்து வந்த அதே பயிர். அந்த வேலையை 1973இல் விட்டுவிட்டுக் கமராவைத் தூக்கினார். 1986இல் பிரேசிலில் செர்ரா பெலாடா என்ற தங்கச் சுரங்கத்துக்குப் போனார். ஆயிரக்கணக்கான ஆட்கள், மண் மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு, மரஏணிகளில் ஒருவர் பின் ஒருவராக ஏறுகிறார்கள். மேலிருந்து கீழ்வரை முதுகு, முதுகு, முதுகு! சேறு பூசிய முதுகுகள். யாருடைய உடம்பு எங்கே முடிகிறது, மூட்டை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. 1993இல் வந்த அவருடைய ‘தொழிலாளர்கள்’ என்ற நூலில் அவை இருக்கின்றன. அதே நூலில் ருவாண்டா நாட்டுத் தேயிலைத் தோட்டமும் இருக்கிறது. அவர் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். ஏன்?

இதற்கு விடை தேட நாம் பிரேசிலுக்குப் போகவேண்டாம். நாளைக் காலையில் நம் மலைக்கே போனால் போதும்.

கொழுந்து மலையில் ஒரு பெண் நிற்கிறார். கடும் பச்சைத் தேயிலை, அதன் மேல் சிவப்புத் துண்டு, மஞ்சள் நைலோன் பை. கலர்ப் படம் எடுத்தால் கண் எங்கே போகும்? சிவப்புக்குப் போகும். “ஆகா, எவ்வளவு அழகு!” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். அதையே கறுப்பு வெள்ளையில் எடுங்கள். அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிடும். வண்ணம் போய்விட்டது. இப்போது என்ன மிச்சம்? தலையைச் சுற்றி வரும் கயிறு. கயிறு அறுக்காதபடி அதற்கு அடியில் மடித்து வைத்த துணி. பாரம் இழுக்க இழுக்கப் பின்கழுத்தில் புடைத்து நிற்கும் இரண்டு நரம்பு. கழுத்து முன்னால் போக, இடுப்பு பின்னால் நிற்க, நடுவில் வளைந்த முதுகு. இடுப்பிலே கட்டிய படங்கு, அதன் விளிம்பில் பனி நனைத்த கருமை. இவ்வளவும் கலர்ப் படத்திலும் இருந்ததுதான். நாம்தான் பார்க்கவில்லை.

தம்பிகளுக்கு ஒரு தொழில் விஷயம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பச்சை பில்டர் போட்டால் தேயிலை வெளுக்கும், சிவப்புத் துணி கறுக்கும். சிவப்பு பில்டர் போட்டால் தேயிலை கறுத்துவிடும். தூரத்து மலையின் மங்கலும் குறையும். ஆனால் நம் மூடுபனியை எந்த பில்டரும் ஒன்றும் செய்யாது. அது நீர்த்துளி, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். அதோடு பனியின் வெண்மையைக் கண்டு கமரா ஏமாந்துபோகும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். ஆகவே அது சொல்வதைவிட ஒரு படி கூடுதலாக வெளிச்சம் கொடுங்கள். அப்போது பனி வெள்ளையாக நிற்கும், அதன் முன்னால் முதுகு கறுப்பாக நிற்கும். காலை ஏழரை மணிக்குக் கொட்டகலை மலையே பாதி கறுப்பு வெள்ளைதான்.

சரி. எடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பது முக்கியம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, இனி அந்தக் கேள்வி. பின்னால் நிற்கிறவர் யார்?

அதை மறைக்காமல் பேசவேண்டும். மலையில் நிறை பிடித்து வரிசையாக நிற்கும் பெண்களுக்குப் பின்னால் யார் நிற்பார்? கங்காணி நிற்பார். “மட்டம் பார்த்து எடு”, “முத்தலை எடுக்காதே” என்ற சத்தம் பின்னாலிருந்துதான் வரும். அவருக்கும் மேலே ரோட்டில் நின்று கணக்குப்பிள்ளை பார்ப்பார், துரை பார்ப்பார். இந்த மலைகளில் நம் பெண்களின் முதுகை நூற்றைம்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது வேலை வாங்குகிறவரின் கண். 18 கிலோ எடுத்தாளா, முழுநாள் பேரா அரைநாள் பேரா என்று கணக்குப் பார்த்த கண். கமராவைத் தூக்கிக்கொண்டு மேட்டு ரோட்டில் நின்று, கீழே வரிசையாக நிற்கும் முதுகுகளை எடுக்கிறாரே உல்லாசப் பயணி, அவர் தன்னை அறியாமலே அந்தக் கங்காணி நின்ற இடத்தில்தான் நிற்கிறார். படம் அழகாக இருக்கும். ஆனால் தலைகளை எண்ணத்தான் முடியும்; ஒரு மனுஷியைப் பார்க்க முடியாது.

பின்னால் நிற்கும் இன்னொருவர் இருக்கிறார். பிள்ளை. பிள்ளைக்காம்பராவில் விடப்பட்டு, வாசற்படியில் நின்று, அம்மா வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போவதைப் பார்க்கும் பிள்ளை. இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனை பேருக்கு அம்மாவின் ஞாபகம் என்றதும் அந்த முதுகு வருகிறது? கூடை ஆடிக்கொண்டே போகும். திரும்பிப் பார்த்தால் பிள்ளை அழும் என்று அம்மா திரும்பிப் பார்க்கமாட்டார். அது யாருக்கும் விற்கிற படம் அல்ல. அது நம் வீட்டுப் படம்.

கங்காணியின் கண்ணும் பிள்ளையின் கண்ணும் பார்ப்பது ஒரே முதுகைத்தான். படத்தில் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? ஒரு வழி சொல்கிறேன். படப்பிடிப்பாளர் கார்ட்டியே பிரெசோன் 1948இல் ஸ்ரீநகரில் எடுத்த படத்தைப் பாருங்கள். ஹரி பர்வத் குன்றின் மேல் சில முஸ்லிம் பெண்கள் நிற்கிறார்கள். முதுகு நம் பக்கம். ஒருவர் கையை ஏந்தி நிற்கிறார். அவர்களுக்கு முன்னால் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் மலை, மேகம். அவர்கள் நிற்கும் அதே தரையில், அவர்களுக்குப் பின்னால் ஒருவராக அவர் நிற்கிறார். ஆகவே அவர்கள் எதைப் பார்க்கிறார்களோ அதை நாமும் பார்க்கிறோம். அதுதான் அடையாளம். படத்தில் இருப்பவர் பார்ப்பதை நம்மாலும் பார்க்க முடிகிறதா? முடிந்தால், எடுத்தவர் அவரோடு நின்றிருக்கிறார். முடியாவிட்டால், அவரை மேற்பார்வை செய்திருக்கிறார். மலையில் எடுக்கும்போது நிறைக்குள் இறங்குங்கள். செடிக்குச் செடி அட்டை கடிக்கட்டும். அவர் செடியின் மட்டம் பார்க்க மட்டக்கம்பு வைத்திருக்கும் உயரத்துக்கு உங்கள் கண்ணைக் கொண்டுவாருங்கள். அப்போது படத்தில் முதுகுக்கு அப்பால் மலை வரும், இன்னும் எடுத்து முடிக்காத நிறை வரும். அவருடைய அன்றைய பொழுதே வரும்.

சிவனொளிபாதமலை ஏறியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். இரவில் ஏறும்போது முன்னால் போகிறவரின் முதுகுதான் வழி. 1934இல் பேசில் ரைட் எடுத்த ‘சோங் ஒப் சிலோன்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த யாத்திரிகர்கள் வருகிறார்கள். அதற்குக் குரல் கொடுத்தவர் நம் நாட்டின் பெரிய படப்பிடிப்புக் கலைஞர் லயனல் வென்ட். பணம் கொடுத்தது தேயிலையை விளம்பரப்படுத்த அமைந்த சபை! விளம்பரத்துக்கென்று கேட்ட இடத்திலும் அவர்கள் கலை செய்தார்கள், அதை மறுக்கமாட்டேன். வென்ட் 1944இல் மறைந்தார். மனித உடம்பை, அதன் தோளை, முதுகை, வெளிச்சத்தில் வார்த்தெடுத்ததுபோல் அவர் எடுத்த படங்களை இளைஞர்கள் தேடிப் பார்க்கவேண்டும். கொழும்பில் அவர் பெயரில் கலைநிலையமே இருக்கிறது.

2023இல் நம் மக்கள் வந்த இருநூறு ஆண்டை ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்து ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நடையையும் நினைத்துப் பாருங்கள். முன்னோர் நடந்த வழியில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். அந்த வழியில் முன்னோரை எடுத்த படம் நம் கையில் இல்லை. எடுத்திருந்தால், அதை எடுக்கவேண்டியவர் வரிசையின் கடைசியில் நடந்தவர்தான்.

அதேபோல இன்னொரு வரிசையும் இருந்தது. ஒப்பந்தத்துக்குப் பிறகு, இதோ நம் கொட்டகலை ஸ்டேஷனிலும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தகரப்பெட்டியோடு கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போனார்களே, அந்த வரிசை. இங்கே ஏறியவர்களின் கோச்சி ஹட்டனுக்குப் போகும் வழியில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்துவிடும்.  போனவர்களின் முகம் கடவுச்சீட்டில் இருக்கிறது. அவர்கள் போன காட்சி எங்கே இருக்கிறது? வழியனுப்ப நின்றவர்களின் கண்ணில் மட்டும் இருந்தது. அந்தக் கண்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. எங்காவது, யாராவது, ஒரு பெட்டிக் கமராவால் அந்தப் பிளாட்பாரத்தில் ஒரு படம் எடுத்திருந்தால், அது மங்கிப்போயிருந்தாலும், முகமே தெரியாவிட்டாலும், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

கடைசியாகப் பெயருக்கு வருகிறேன். முதுகுப் படத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை நான் ஒளிக்கமாட்டேன். முகம் இல்லாததால் ஆளை யாராக வேண்டுமானாலும் ஆக்கிவிடலாம். 1924இல் பாரிசில் மான் ரே என்பவர் ஒரு பெண்ணின் முதுகைப் படமெடுத்து, அதில் வயலினில் இருப்பதுபோல் இரண்டு துளைகளைத் தீட்டிவிட்டார். 2022இல் அந்தப் படம் 12.4 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. கெட்டிக்காரத்தனமான படம்தான். ஆனால் ஒரு பெண் அங்கே வாத்தியமாகிவிட்டார். அவருக்கு அலிஸ் பிரின் என்று ஒரு பெயர் இருந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பெண்களைக் கூடையாக்கி, தேயிலைப் பெட்டியாக்கி, காலண்டராக்கியவர்கள் போதும். அந்தப் பட்டியலில் நம் பிள்ளைகளும் சேரக்கூடாது.

ஆகவே தம்பி, தங்கைகளே, பின்னால் நின்று எடுப்பது தெரியாமல் எடுப்பதாகிவிடக்கூடாது. முதலில் முன்னால் போங்கள். “அக்கா, ஒங்கள ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரியென்றால், அவர் திரும்பவும் வேலையைத் தொடங்கும்வரை காத்திருந்து, பிறகு பின்னால் வாருங்கள். படத்தைக் கழுவி எடுத்ததும் ஒரு பிரதியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். தன் முதுகைத் தானே பார்த்தவர்கள் நம் லயங்களில் எத்தனை பேர்?

தாய்மாரிடமும் ஒன்று கேட்கிறேன். வீட்டில் இருக்கும் பழைய படங்களை இந்த வாரமே வெளியில் எடுங்கள். படத்தைக் கவிழ்த்துத் தட்டையான கண்ணாடி மேல் வையுங்கள். போல்பேனை வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், நாளானால் மை ஊறும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பிந்தி வந்த பிளாஸ்டிக் பூசிய தாளில் பென்சில் பிடிக்காது. அப்படியானால் ஒரு தாளில் எழுதி, படத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். படத்தில் இருப்பவர் பெயர், தோட்டம், டிவிசன், தெரிந்தால் ஆண்டு. இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்று எழுதாதீர்கள். அவருடைய பெயரையே எழுதுங்கள். பிள்ளைகள் கையில் பென்சிலைக் கொடுத்து, நீங்கள் சொல்லச் சொல்ல அவர்களை எழுதச் சொல்லுங்கள்.